மூன்றாவது சரணத்துக்கு முன்னால் ஒரு தட்டல்

"பாடினவன் செத்து இருபது வருஷம் ஆச்சு. அவனே ஒண்ணும் கேக்கல. கை தட்டினவ வந்து நியாயம் கேக்குறா. அதுவும் ஒரே ஒரு தட்டு!" புருஷன் கஸ்பார் சொன்ன இந்த நாலு வாக்கியத்தையும் எமில்டா எழுத்துப் பிசகாமல் மனசுக்குள் ஓட்டிக்கொண்டே நெத்திலியின் தலையைக் கிள்ளினாள், வாக்கியத்துக்கு ஒரு தலை, நாலாவது வாக்கியத்துக்கு மட்டும் கொஞ்சம் அழுத்தி. நியாயமாம். நான் எங்கே நியாயம் கேட்டேன், ஒரு சத்தத்தைக் கேட்டேன், இருந்த சத்தத்தை இருந்த இடத்தில் வையுங்கள் என்றேன், இதற்கு எதற்கு செத்தவனை இழுக்க வேண்டும். பர்னபாஸ் உயிரோடு இருந்தால் முதல் ஆளாக அவனே கேட்டிருப்பான். அதையும் சொல்லியிருக்கலாம், சண்டையில் நல்ல பதிலெல்லாம் ஆள் எழுந்து போனபிறகுதான் வாயில் வந்து நிற்கிறது, அவள் சொன்னதோ வேறு ஒன்று, சொல்லவே வேண்டாம் என்று முப்பத்துச் சொச்ச வருஷமாக வைத்திருந்த ஒன்று, அது சட்டியிலிருந்து நழுவிய மீன் மாதிரி வழுக்கிக்கொண்டு வெளியே வந்துவிட்டது, அதைக் கேட்டதும் கஸ்பார் வாயைத் திறந்து, மூடி, பேப்பரை எடுத்துக்கொண்டு ஹாலுக்குப் போய்விட்டார். ரயில் பெட்டித் தொழிற்சாலையில் முப்பத்தாறு வருஷம் டிராயிங் போட்ட மனுஷன், ஒரு கோடு கோணினால் உடனே சொல்லிவிடுவார், சும்மா எழுந்து போகிற ஜாதி இல்லை. ஹாலில் சத்தமே இல்லை. மணி பதினொன்று பத்து. சர்க்கரை டப்பாவில் சாய்த்து வைத்த போன் கறுப்பாக, அழுத்தமாக, ஒன்றும் தெரியாத பிள்ளை மாதிரி நின்றுகொண்டிருந்தது. பன்னிரண்டு மணிக்குள் சொல்கிறேன் என்று சொல்லியிருக்கிறான் பழைய ரெக்கார்டுகளைத் தொகுக்கிற அந்தப் பையன் இளம்பரிதி. பன்னிரண்டுக்கு மேல் அந்தத் தட்டல் உலகத்திலேயே கிடையாது.

காலையில் எட்டு மணிக்குத்தான் அனுப்பினான். 'அம்மா, வணக்கம், பச்சைக்கொடி தொகுப்பு ரெடி, நீங்க கை தட்டின பாட்டு இதோ, சுத்தம் பண்ணினது, கேட்டுட்டு சொல்லுங்க,' ஒரு புள்ளி கிடையாது அந்தச் செய்தியில், எல்லாம் கமா, கான்வென்ட்டில் இப்படி எழுதியிருந்தால் முட்டி பெயர்ந்திருக்கும். சந்தோஷமாகத்தான் கேட்டாள். கஸ்பாருக்கும் அனுப்பிவைத்தாள், ஹாலில் இருக்கிற ஆளுக்கு அடுப்படியிலிருந்து, இந்த வீட்டில் இப்போதெல்லாம் அப்படித்தான். டிரம்பெட் பளபளவென்று எழுந்தது, பர்னபாஸ் நேற்றுத்தான் பீடியை அணைத்துவிட்டு வந்தவன் மாதிரி கரகரத்தான், 'கேட் மூடியிருக்கு கண்ணே, வண்டி இன்னும் வரல.' பின்னாலேயே கைதட்டல், எட்டுப் பெண்பிள்ளைகளின் கைதட்டல், தாளத்தின் அடி விழுந்து ஒரு மூச்சு தள்ளி, சோம்பேறித்தனமாக, சரியாக. இரண்டாவது சரணம் முடிந்தது, எல்லாம் டக்கென்று நின்றது, அந்த மௌனம் வந்தது, அவள் கழுத்தை நீட்டிக்கொண்டு காத்திருந்தாள், மௌனம் அப்படியே மௌனமாகவே போய் முடிந்தது. அடுத்து பர்னபாஸ் சிரிக்கிறான். எதற்குச் சிரிக்கிறான்? தட்டலை எடுத்துவிட்டார்கள், சிரிப்பை விட்டுவிட்டார்கள். நல்ல பாடகன், லெவல் கிராஸிங்கில் காதலியைத் தவறவிட்ட சோகத்தில் நிற்கிறவன், திடீரென்று ஒன்றுமில்லாததற்குச் சிரிக்கிறான், கேட்கிறவன் என்ன நினைப்பான், கிறுக்கு என்று நினைப்பான். உடனே போன் போட்டாள். "அது கீறல் சத்தம்மா, இங்கிலாந்துல இருக்கிற எஞ்சினியர் கையாலயே பார்த்துப் பார்த்து எடுத்தாரு" என்றான் இளம்பரிதி, பெருமையாக. "தம்பி, அது கீறல் இல்ல, அது நான்." "ஒரிஜினல் டேப் இருந்தா சரிபார்க்கலாம்மா, டேப் எல்லாம் மழையில போச்சு. இருக்கிறது ஒரே ஒரு ரெக்கார்டு, அதுவும் என்கிட்ட இருக்கிறதுதான். அதுல நூறு கீறல். இது நூத்தியொண்ணுன்னு அவங்க சொல்றாங்க. ஏதாவது ஆதாரம் இருக்கா? பன்னண்டு மணிக்கு அச்சுக்கு அனுப்பிடுவாங்க." ஆதாரமாம். நூற்றியொன்றாவது கீறல் வலது கையில் நெத்திலிக் குடலோடு நிற்கிறது, போதுமா?

மூன்று மாசம் முன்னால் இதே இளம்பரிதி வீட்டுக்கு வந்து, பெயர்ப்பட்டியலில் 'கைதட்டல்: பள்ளி மாணவிகள் எண்மர்' என்று இருப்பதைக் காட்டி, எட்டுப் பேரில் கிடைத்தது நீங்கள் ஒருவர்தான் என்று ஏதோ அழிந்துபோகும் பறவையைக் கண்டுபிடித்த மாதிரி மூச்சு வாங்கினான். பாவம், படித்த பிள்ளை. பச்சைக்கொடி ரெக்கார்ட்ஸைப் பற்றி முந்நூறு பக்கம் எழுதியிருக்கிறான், டாக்டர் பட்டம் வாங்கியிருக்கிறான். அந்தத் தாமதமான கைதட்டல் பெரம்பூர் சரக்கு வண்டிகள் ஒன்றோடொன்று இடித்துக் கோத்துக்கொள்ளும் சத்தத்திலிருந்து பிறந்ததாம், ஷிஃப்ட் முடிந்து வரும் தொழிலாளியின் களைத்த உடம்பு அதில் பேசுகிறதாம். எமில்டா அவனுக்கு இரண்டாவது கட்லெட்டை வைத்துவிட்டு ஒன்றும் சொல்லாமல் இருந்தாள், முந்நூறு பக்கம் எழுதினவன் வயிற்றில் எதற்கு அடிப்பது. எங்கள் கான்வென்ட் சிஸ்டர் போனிஃபஸின் கழுத்துப் பட்டியிலிருந்து பிறந்தது தம்பி அந்தத் தாமதம். வண்டியும் இல்லை, களைப்பும் இல்லை, பட்டி. சரி, அவன் எழுதினதில் பாதி உண்மைதான். டெஸ்மண்ட் அங்கிள் ரயில்வே குடியிருப்பில் தன் வீட்டுப் பின்னால் தகர ஷெட்டில் ஆரம்பித்த கம்பெனி அது, எழுபத்தொன்பதில், ஐந்து வருஷம், பதினாலு ரெக்கார்டு, நடுவில் ஒட்டிய வட்டக் காகிதத்தில் ரயில் கார்டு அசைக்கும் பச்சைக்கொடி. கப்பலில் ரேடியோ ஆபீசராக இருந்த தம்பி அமெரிக்காவிலிருந்து கொண்டுவந்த கறுப்புப் பாடகர்களின் ரெக்கார்டுகளைக் கேட்டுக் கேட்டு அங்கிளுக்குப் பித்துப் பிடித்துவிட்டது. சோல் மியூசிக் என்றால் என்னவென்று யார் கேட்டாலும் ஒரே பதில்: "கோயில்ல ஆண்டவரைக் கூப்பிடுற அதே குரல்ல காதலியைக் கூப்பிடணும் மேன், அவ்வளவுதான்." அதற்கு ஆள் தேடினார், ரயில்வே இன்ஸ்டிட்யூட் டான்ஸ் பேண்டிலிருந்து டிரம்பெட்டும் கிடாரும் கிடைத்தன, குரல் மட்டும் கிடைக்கவில்லை. ஒருநாள் பெரிய வெள்ளி சிலுவைப்பாதையில், ஒப்பாரிக்கும் பாட்டுக்கும் நடுவில் ஒரு குரல், லோகோ ஒர்க்ஷாப் வெல்டர் பர்னபாஸ், சட்டையில் தீப்பொறி பொத்தல்களோடு. அங்கிள் இயேசு உயிர்விடும் பன்னிரண்டாம் ஸ்தலம் வரைகூடப் பொறுக்கவில்லையாம், ஒன்பதாவதிலேயே கூட்டத்தை விலக்கிக்கொண்டு போய்க் கையைப் பிடித்துவிட்டாராம். அதுவரை நம் ஊரில் பாட்டு என்றால் சுத்தமாக இருக்க வேண்டும், இஸ்திரி போட்ட மாதிரி, அதற்குப் பிறகுதான் பெரம்பூர், அயனாவரம், புளியந்தோப்பு மெல்லிசைக் குழுக்காரனெல்லாம் குரலைக் கசக்கிப் பாட ஆரம்பித்தான், கசங்கினால்தான் மனசு தெரியும் என்று ஆனது. இளைஞர் பூசையில் காணிக்கைப் பாட்டுக்குக்கூட ஒரு மூச்சு தள்ளித் தட்ட ஆரம்பித்தார்கள், சாமியார் முன்னால் தட்ட, ஜனம் பின்னால் தட்ட, நாலு ஞாயிறு ரகளை, ஐந்தாவது ஞாயிறு சாமியார் ஜனத்தோடு சேர்ந்துவிட்டார். இதையெல்லாம் இளம்பரிதி எழுதியிருக்கிறான். அழகாகவே எழுதியிருக்கிறான். அடிக்குறிப்பு மட்டும் கொஞ்சம் ஜாஸ்தி.

காக்கா வந்துவிட்டது. ஜன்னல் கம்பியில் உட்கார்ந்து தலையைச் சாய்த்து அவள் குடலை உரித்துப் போடுவதை எண்ணிக்கொண்டிருந்தது. போ, உனக்குக் கடைசியில்தான். எட்டாம் வகுப்பு, எண்பத்தொன்று, சனிக்கிழமை, ஞானோபதேச வகுப்பு முடிந்த கையோடு. ஷெட்டுக்கும் கான்வென்ட் துணி துவைக்கும் முற்றத்துக்கும் நடுவில் ஒரே சுவர், அதில் ஒரு ஜன்னல். அங்கிளுக்குக் கைதட்டல் வேண்டும், சிஸ்டர் போனிஃபஸ் அங்கிளுக்குச் சொந்த அத்தை, இல்லையென்றால் நடந்திருக்குமா. பாட்டில் வருகிற கேட் மோட்ச வாசல் என்றும் கண்ணே என்பது குழந்தை இயேசு என்றும் அங்கிள் ஒரு போடு போட்டார், சிஸ்டர் நம்பினாரா நம்புகிற மாதிரி இருந்தாரா என்பது அவருக்கும் ஆண்டவருக்கும். ஆனால் பெண்பிள்ளைகள் ஆம்பிளைகள் இருக்கிற ஷெட்டுக்குள் காலை வைக்கக் கூடாது. அது விதி. ஆகவே பேண்டு உள்ளே, எட்டுப் பிள்ளைகள் வெளியே துணிக்கொடிகளுக்கு நடுவில், நனைந்த பாவாடைகளும் தலையணை உறைகளும் முகத்தில் உரச, ஜன்னலில் மைக் தொங்க, நடுவில் சிஸ்டர் முக்காலி மேல் ஏறி நின்று உள்ளே பார்த்து, தாளத்தைப் பிடித்து, திரும்பி இவர்களுக்குத் தலையாட்ட வேண்டும். கழுத்தில் பட்டி. சுளுக்கு. தலை மட்டும் திரும்பாது, இடுப்போடு ஆள் மொத்தமாகத் திரும்ப வேண்டும், திரும்பி ஆட்டுவதற்குள் அடி போய்விடும். "கேர்ள்ஸ், காதால கேட்டுத் தட்டக் கூடாது. என்னைப் பார்த்துத் தட்டணும். டிசிப்ளின்!" பார்த்துத் தட்டினார்கள். இவளுக்கு உள்ளங்கை அரித்தது. அடி இங்கே விழுகிறது, எட்டுப் பேரும் அங்கே தட்டுகிறார்கள், ஐயோ என்று இருந்தது, எமில்டாவுக்குப் பிறந்ததிலிருந்தே காத்திருப்பது ஆகாது, பஸ் வருவதற்கு முன்னால் ஏறிவிடப் பார்க்கிற பெண் என்று அவள் அம்மாவே சொல்வாள். அப்புறம் அந்த நிறுத்தம் வந்தது. வண்டிக்குக் காத்திருக்கிற மாதிரி எல்லாரும் நிற்க வேண்டும், பர்னபாஸ் மூச்சை இழுக்க வேண்டும். யாரும் இவர்களுக்குச் சொல்லவில்லை. சத்தம் நின்றது. துணியிலிருந்து தண்ணீர் சொட்டுவது கேட்டது. ஒன்று. இரண்டு. இன்னும் எவ்வளவு நேரம், செத்துவிட்டார்களா உள்ளே, யாராவது எதையாவது செய்யுங்களேன் என்று நெஞ்சு முட்ட, அவள் தட்டிவிட்டாள். தனியாக. பளீரென்று. ஏழு தலைகளும் திரும்பின, சிஸ்டர் இடுப்போடு திரும்பத் தொடங்கினார், அதற்குள் ஷெட்டுக்குள் பர்னபாஸ் சிரித்தான். 'வந்துட்டேன் கண்ணே, வந்துட்டேன், ஏன் அவசரம்' என்று எழுதாத ஒரு வரியைப் பாடிக்கொண்டே மூன்றாவது சரணத்துக்குள் இறங்கினான். பேண்டில் டேப்பை மாற்றி மறுபடி எடுக்கச் சொன்னார்கள், அங்கிள் முடியாது என்று கத்தினார், "தட் இஸ் த ரெக்கார்ட்! தட் இஸ் த ரெக்கார்ட்!" சிஸ்டர் மட்டும் பக்கத்தில் வந்து, "எமில்டா, யூ ஆர் த ஒன்லி கேர்ள் ஹூ குட் நாட் வெய்ட்" என்றார். அவ்வளவுதான். அடித்திருந்தால் மறந்திருப்பாள்.

அடுத்த சனிக்கிழமை பாவசங்கீர்த்தனத்தில் அதையும் சொல்லிவைத்தாள். "ஃபாதர், நான் முன்னாடியே தட்டிட்டேன்." கம்பிக்கு அந்தப் பக்கம் நாற்காலி கிறீச்சிட்டது. "எதை மகளே?" "கையை ஃபாதர்." பரிகாரமாக மூன்று அருள் நிறை மந்திரம் சொல்லக் கொடுத்தார், குரல் ஆடிற்று, சிரிப்பை அடக்கியிருக்கிறார் மனுஷன். ஆக அது பாவம், மன்னிக்கப்பட்ட பாவம், மன்னித்ததை வெளியே சொல்லித் திரியக் கூடாது என்று பதிமூணு வயதில் அவளாக ஒரு சட்டம் போட்டுக்கொண்டாள், யாரிடமும் சொல்லவில்லை. ஆனால் அந்தப் பாவம் அடங்கி இருந்ததா? ரெக்கார்டைக் கேட்டுப் பாட்டை எடுத்த புரசைவாக்கம் பேண்ட் பார்ட்டிக்காரன் அதையும் சேர்த்து எடுத்துக்கொண்டான். அவன் குழுவில் ஜால்ரா போடுகிறவனுக்கு அதுதான் வேலை, எல்லாரும் நின்றதும் ஜால்ராவைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, ஒரே ஒரு தட்டு, அப்புறம் டிரம்பெட்காரன் தலையை ஆட்டிச் சிரித்துவிட்டு ஆரம்பிப்பான். "ஏம்பா இப்படி?" என்று ஒரு கல்யாணத்தில் யாரோ கேட்டதற்கு, "அது பாட்டுலயே இருக்கு சார், தட்டலைன்னா பாட்டு நகராது" என்றான். ஓட்டேரியிலிருந்து வில்லிவாக்கம் வரை நகர்ந்தது. எவனுக்கும் எதற்கென்று தெரியாது, எல்லாரும் தட்டினார்கள், எல்லாரும் சிரித்தார்கள், ஒரு பொறுக்காத பிள்ளையின் கை அரிப்பு ஊர் வழக்கமாகிவிட்டது. தொண்ணூற்றொன்றில் அவள் கல்யாணம். கோயில் வாசலில் கஸ்பாரின் கையைப் பிடித்துக்கொண்டு இறங்குகிறாள், வெயில், முக்காட்டு வலை கண்ணில் குத்துகிறது, பேண்டு வாசிக்கிறது, கேட் மூடியிருக்கு கண்ணே, கல்யாணத்துக்கு வாசிக்கிற பாட்டா அது. டக்கென்று நிறுத்தினார்கள். ஜால்ராக்காரன் தட்டினான். அவளுக்கு வந்ததே சிரிப்பு, மூக்கு வழியாக, தோள் குலுங்க, முக்காடு பறக்க, இரண்டு குடும்பமும் பார்க்க, போட்டோக்காரன் அதைத்தான் எடுத்தான், ஆல்பத்தில் முதல் படம் அதுதான். பக்கத்தில் கஸ்பார், மச்சானிடம் இரவல் வாங்கிய கோட்டில், கை இரண்டும் அரைமுழம் வெளியே நீட்டிக்கொண்டு, உதடு இறுகி. அன்றிலிருந்து ஒவ்வொரு கல்யாண நாளுக்கும் கேக் வெட்டுவதற்கு முன்னால் ஒரு வரி உண்டு: "கோட்டைப் பார்த்துச் சிரிச்சவதானே நீ." விளையாட்டாகச் சொல்வது மாதிரி. முதல் வருஷம் மறுக்கப் பார்த்தாள், மறுத்தால் பாவத்தைச் சொல்ல வேண்டும், சிஸ்டர், முக்காலி, கழுத்துப் பட்டி, எல்லாம் சொல்ல வேண்டும், சொல்லாமல் விட்டாள், விட்டது பழகிவிட்டது. நேர்மையாகச் சொன்னால் கோட்டும் சிரிக்கிற மாதிரிதான் இருந்தது.

மணி பதினொன்று நாற்பது. நெத்திலியெல்லாம் முடிந்து கல் உப்பு போட்டு உரசிக்கொண்டிருந்தாள், வேண்டியதற்கு மேலேயே உரசினாள். இன்று காலை அவர் அந்த நாலு வாக்கியத்தைச் சொன்னதும் இவள் சொன்னது இதுதான்: "அந்த ஒரே ஒரு தட்டுக்குத்தான் நம்ம கல்யாணத்தன்னிக்குச் சிரிச்சேன். உங்க கோட்டுக்கு இல்ல. அந்தப் பேண்ட்காரன் தட்டினது என் தட்டு." அதற்குத்தான் வாயைத் திறந்து மூடினார். இப்போது ஹாலில் உட்கார்ந்து என்ன செய்கிறார்? பேப்பர் புரளும் சத்தம்கூட இல்லை. முப்பத்து மூன்று கேக்குகளை ஒவ்வொன்றாகத் திரும்ப வெட்டிக்கொண்டிருக்கிறாரா? ஐயையோ, நெஞ்சு கிஞ்சு வலிக்கிறதா, போன வருஷம்தான் ஈசிஜி எடுத்தது, டாக்டர் கோபப்படாதீர்கள் என்றார், கோபப்படவில்லையே, பேசாமல்தானே இருக்கிறார், பேசாமல் இருப்பது கோபத்தில் சேர்த்தியா. போய்ப் பார்க்கலாம். போய்ப் பார்த்தால் தோற்ற மாதிரி ஆகும். சரி, முதலில் இந்தப் பையனுக்கு ஒரு வார்த்தை. கட்டைவிரலெல்லாம் மீன், சுத்தமாக இருந்தது சுண்டுவிரல் ஒன்றுதான், அதால் போனில் மைக் படத்தை அழுத்திப் பிடித்துக்கொண்டு பேசினாள். "தம்பி, இளம்பரிதி, எமில்டா பேசுறேன். ஆதாரம் கேட்டீங்க. என்கிட்ட டேப்பு இல்ல, ரெக்கார்டு இல்ல. இருந்த ஒண்ணையும் எங்க நாத்தனார் பிள்ளைங்க பறக்கும் தட்டா விட்டுடுச்சுங்க. ஆனா ஒண்ணு கேளுங்க. கீறல்னா அது உங்க ரெக்கார்டுல மட்டும்தானே இருக்கணும்? ஊர்ப் பேண்ட்காரனெல்லாம் ஏன் அதே இடத்துல தட்டுறான்? கீறலைக் கேட்டு யாராவது சிரிப்பாங்களா? பர்னபாஸ் ஏன் சிரிக்கிறான்னு உங்க எஞ்சினியரைக் கேளுங்க. என் பேரு போடாட்டியும் பரவால்ல, நெஜமா, சரி, போட்டா நல்லதுதான், ஆனா அந்தத் தட்டலை மட்டும்..."

அதற்குமேல் ஓடவில்லை. ஹாலில் டிரம்பெட் எழுந்தது. கஸ்பாரின் போன், இவள் காலையில் அனுப்பிய அதே பாட்டு, அதே சுத்தம் பண்ணின பாட்டு, இதுவரை திறந்துகூடப் பார்க்கவில்லை என்று நினைத்துக்கொண்டிருந்தாள். முதலிலிருந்து போடவில்லை, எங்கோ நடுவில் தள்ளிவிட்டிருக்கிறார், இரண்டாவது சரணத்தின் கடைசி வரி, எட்டுப் பிள்ளைகள் ஒரு மூச்சு தள்ளித் தட்டுகிறார்கள், எமில்டாவின் சுண்டுவிரல் போனிலேயே ஒட்டிக்கொண்டு நிற்கிறது, காக்கா கழுத்தைத் திருப்பியது, பாட்டு டக்கென்று நின்றது. அந்த மௌனம். ஒன்று. இரண்டு. அவள் தன் இன்னொரு கையைப் பார்த்தாள், அது தன்பாட்டில் எழும்பிக்கொண்டிருந்தது, தட்ட இன்னொரு கை இல்லை, அது போனில் இருக்கிறது. ஹாலில், பேப்பரை மடியில் வைத்துவிட்ட ஒரு மனிதனின் இரண்டு கைகள், பளீரென்று, தனியாக, சரியான இடத்தில், ஒரு தடவை தட்டின. பர்னபாஸ் சிரித்தான். இப்போது அவன் சிரித்ததற்குக் காரணம் இருந்தது. சுண்டுவிரல் தானாக எழுந்தது, செய்தி விர்ரென்று போய்விட்டது, பேச்சும் பாட்டும் மௌனமும் தட்டலும் எல்லாம் சேர்ந்து. எத்தனை கல்யாணத்தில் அவர் இதைத் தட்டியிருக்கிறார், சாப்பாட்டுப் பந்தியில், மாப்பிள்ளை அழைப்பில், தன் அக்கா மகள் நிச்சயத்தில், பக்கத்தில் நின்று இவளும் பார்த்திருக்கிறாளே, தன் தட்டல் அந்தக் கைகளில் குடியிருப்பது தெரியாமலேயே. மனுஷனுக்கும் தெரியாது. கோட்டுக்கை குட்டையாக இருந்தாலும் தட்டுகிற கை அதுதான்.

போன் மினுங்கியது. பன்னிரண்டு அடிக்க ஏழு நிமிஷம். 'அம்மா, மூணு தடவை கேட்டேன், எஞ்சினியருக்கும் போட்டுக் காட்டினேன், அவரும் சிரிச்சிட்டார், நிறுத்திவைக்கச் சொல்லியாச்சு, எடுத்ததைத் திரும்ப வைக்கிறாங்க, கரெக்டா அதே இடத்துல தட்டினாரே, பின்னாடி இருக்கிறவர் யாரும்மா, எட்டுப் பேர்ல ஒருத்தரா,' மறுபடியும் எல்லாம் கமா. புள்ளி வைக்கக் கற்றுக்கொடுக்க வேண்டும் இந்தப் பையனுக்கு, வைக்கட்டும், மெதுவாகக் கற்றுக்கொள்ளட்டும். எமில்டா கையைக் கழுவாமலே அடுப்படி வாசல் வரை வந்தாள். ஹாலில் நாற்காலியின் முதுகும் பேப்பரின் மேல் விளிம்பும்தான் தெரிந்தன, விளிம்புக்கு மேலே நரைத்த உச்சந்தலை, பேப்பர் லேசாக நடுங்கியது, சிரிக்கிறாரா, என்னவோ. பாட்டு முடிந்துவிட்டிருந்தது. இவளுக்குச் சொல்ல ஆயிரம் இருந்தது, கோட்டைப் பற்றி, கேக்கைப் பற்றி, கண்ணாடியைத் துடைக்காமல் போட்டுக்கொள்வதைப் பற்றி, எல்லாம் வாய்வரை வந்து ஒன்றையொன்று இடித்துக்கொண்டு நின்றது. மீன்வாடை அடிக்கும் கைகளைப் புடவையில் படாமல் அகலப் பிடித்துக்கொண்டு, வாழ்க்கையில் முதல் தடவையாக அவசரப்படாமல், ஒரு மூச்சு தள்ளிச் சொன்னாள்:

"ஏங்க. இன்னொரு தடவை தட்டுங்களேன்."